தூங்காத சாமி

எங்கள் ஊர்ப் புத்தர் கோயிலில் தூங்காத சாமி ஒருவர் இருந்தார். இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. என் பப்பாளிச் சம்பல் கடை கோயில் வாசலுக்கு நேர் எதிரே இருப்பதால், வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி முதலில் என்னிடம்தான் கேட்பார்கள்.

"தூங்காத சாமி இங்கதானா?"

"இங்கதான். இப்ப முற்றம் பெருக்கிக்கிட்டிருப்பாரு, போய்ப் பாருங்க" என்பேன், உரலில் மிளகாயை இடித்துக்கொண்டே. கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் பசியோடு திரும்புவார்கள். எனக்கும் வியாபாரம் ஆயிற்று.

அவர் எந்நேரமும் பெருக்கினார். ராத்திரி புரண்டு படுத்தாலும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும், கோழி கூவும்போதும் கேட்கும். சாப்பாடு என்றால் இரண்டு வாய்தான். மீதியை எல்லாம் கோயில் நாய்களுக்குப் போட்டுவிடுவார். எங்கள் கோயில் நாய்கள் அந்த இரண்டு வருடத்தில் நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்தன. சாமியின் உதடு சதா அசையும், பல் நறநறக்கும். மந்திரத்தை வாய்க்குள்ளேயே சொல்கிறார் என்று எங்களுக்கு நாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டோம். பிரசங்கத்துக்கு உட்கார்ந்தால் மூச்சு விடாமல் பேசுவார். பாதி புரியாது. புரியாததால் ஆழமான விஷயம்தான் என்று தலையாட்டினோம்.

மணலில் அவர் விளக்குமாறு போட்ட கோடுகளில் லாட்டரி எண் தெரிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. நானும் போய்க் குனிந்து பார்த்தேன். எனக்கு நாற்பத்தேழு தெரிந்தது, விழுந்தும் தொலைத்தது. அதற்கப்புறம் சாமியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் உலக்கையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

சொன்னவன் ஒருத்தன் உண்டு. வெல்டிங் பட்டறை ப்ராசித். என் கடையில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏங்க்கா, மனுசன்னா தூங்கணும்ல? இவரு ஏன் தூங்க மாட்டேங்குறாரு?"

"உன்ன மாதிரி குடிச்சிட்டுக் குப்புற விழுறவனுக்குத் தவம்னா என்னன்னு தெரியுமாடா? சாப்பிட்டமா, காசு வச்சமான்னு போ."

அவன் போய்விட்டான். அவனைப் பேசவிட்டிருக்கலாம்.

அந்தச் சாமி வானத்திலிருந்து வந்தவர் இல்லை. தோங்மாவின் மகன் மேக்தான் அது. தோங்மாவின் வயலும் என் வயலும் ஒரே வரப்பில் இருந்தன. என்னைவிடச் சின்னவள், புருஷனைச் சீக்கிரம் பறிகொடுத்தவள், எதற்கும் குரலை உயர்த்தத் தெரியாதவள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் முடித்ததும் மேக் தெற்கே ரயோங் நகரத்துப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் போனான். இரட்டை ஷிப்ட் பார்த்தால் இரட்டைச் சம்பளம். தூக்கம் வராமல் இரட்டை ஷிப்ட் பார்க்க வைக்கிற மாத்திரை அங்கே கழிப்பறை வாசலிலேயே கிடைத்தது. முதல் வருடம் அவன் அனுப்பிய பணத்தில் தோங்மா கூரைக்கு நீலத் தகடு போட்டாள். வெயிலில் அது மின்னுவதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு ஒரு நாள் வேலையும் போய், உடம்பும் போய், பையன் மட்டும் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினான்.

மாத்திரைக்கு இங்கேயும் அவன் அலைய வேண்டியிருக்கவில்லை. எல்லை ஆறு தாண்டி வரும் சரக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் தெற்கே போகிறது, போகிற வழியில் சிந்துகிறது. பொத்தான் அளவு சிவப்பு மாத்திரை, என் சம்பலைவிட மலிவு. நான் விலையில் ஐந்து பாத் ஏற்றினால், "என்னக்கா அநியாயம் இது!" என்று ஊரே கத்தும். அதன் விலையோ வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது.

தோங்மா வீட்டில் முதலில் தண்ணீர் மோட்டார் காணாமல் போயிற்று. பிறகு கேஸ் சிலிண்டர். பிறகு அந்த நீலத் தகடுகள், மகன் வாங்கிக் கொடுத்ததை மகனே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனான். ஒரு நாள் மத்தியானம் வெட்டரிவாளோடு தாயைத் தெருமுனை வரைக்கும் துரத்தினான். அவள் வாய்க்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு அவனைத் திட்டுகிறார்களாம், அவர்களை வெளியே எடுக்க வேண்டுமாம். என் கடைக்குள் ஓடிவந்து உரலுக்குப் பின்னால் ஒளிந்தவளுக்கு மூச்சு வாங்கியதே தவிர அழுகை வரவில்லை.

மறுநாளே ப்ராசித்தைக் கூப்பிட்டு உள்ளறைக்கு இரும்புக் கம்பிக் கதவு போடச் சொன்னாள். கூண்டு மகனுக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பூட்டை உள்பக்கம் வைக்கச் சொன்னபோது ப்ராசித்தே விழித்தான்.

"அவன அடைச்சா முட்டிக்குவான், ரத்தம் வரும். நான் உள்ள இருந்துக்கிறேன். எனக்குப் பழகிரும்" என்றாள் தோங்மா.

பழகியும் போயிற்று. பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ச் செம்போடு உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வாள். மற்ற வீடு முழுக்க மகனுடைய ராஜ்ஜியம்.

அவள் வீடு மட்டும் என்று இல்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் செழித்த தொழில் வெல்டிங் ஒன்றுதான். ஜன்னலுக்குக் கம்பி, கோழிக்கூட்டுக்குக் கம்பி, கோயில் உண்டியலுக்கும் கம்பி. வயலில் மோட்டாரை விட்டுவிட்டு வர முடியாது. சாயங்காலம் ஆனால் ஆம்பளைகள் எல்லாம் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாக வீடு திரும்புவார்கள், காலையில் மறுபடி தூக்கிக்கொண்டு போவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு முதுகு போனது அதனால்தான். அறுப்புக்கு ஆள் கூப்பிட்டால், தெம்பான பையன்கள் கண் சிவந்து சுவரை வெறித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கிழடுகள் குனிந்து அறுத்தோம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு எத்தனை காணி என்று கேட்பதை விட்டுவிட்டு, மூத்திரப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

காவி கட்டிவிட்டால் பையன் திருந்துவான் என்று கோயில் பெரிய சாமிதான் சொன்னார். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஜெயிலிலிருந்து வந்தவனா, பெண்டாட்டி ஓடிப்போனவனா, காவி கட்டு. அதிலும் மகன் துறவு பூண்டால் அவன் காவித் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தாய் சொர்க்கம் போவாள் என்பது எங்கள் நம்பிக்கை. தோங்மா என் வரப்பை ஒட்டியிருந்த வயலை யூகலிப்டஸ் போடுகிறவனுக்கு விற்றாள். மேளம், பாட்டு, விருந்து எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. முடி இறக்கும்போது முதல் கற்றையைத் தாய்தான் வெட்ட வேண்டும். மகனின் தலையை இடது கையால் பிடித்துக்கொண்டு அவள் வெட்டினாள். வெட்டிய பிறகும் கையை எடுக்காமல் நின்றாள். "போதும்டி, மத்தவங்களும் வெட்டணும்" என்று நான்தான் விலக்கினேன்.

அதுதான் அவள் அவனைக் கடைசியாகத் தொட்டது. காவி கட்டியபின் பெற்றவளானாலும் பிக்குவைத் தொடக்கூடாது. எதையும் கைக்குக் கை கொடுக்கவும் முடியாது. அவர் விரிக்கிற துணியின் மேல் வைத்தால் அவர் துணியோடு இழுத்துக்கொள்வார். தோங்மா தினமும் அவன் எதிரே முழங்காலிட்டு, கும்பிட்டு, சோற்றை வைத்துவிட்டு வருவாள்.

"தொட முடியலைன்னா என்னக்கா? கதவத் தொறந்துவச்சுத் தூங்குறேன். அது போதும்" என்றாள் என்னிடம். கம்பிக் கதவில் மிளகாய்ச் சரத்தையும் உப்பு போட்ட மாட்டிறைச்சியையும் காய விட்டிருந்தாள்.

இப்படித்தான் மேக் சாமி ஆனான். தூக்கத்தை விட்டான், சோற்றை விட்டான், ஊரே கும்பிட்டது. வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் மற்ற சாமிகளும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். கோயிலில் மொத்தம் நாலு பேர். ஒருத்தர் மதில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார், அடித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து அடித்தார். பெரிய சாமி உச்சி வெயிலில் மணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பக்கத்து ஊர்க் கோயில் சாமிகள் மத்தியானமே குறட்டை விடுவார்கள் என்று சொல்லி நாங்கள் சிரித்தோம்.

அப்போது மாவட்டத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஊர் ஊராக வந்து இளவட்டங்களுக்கு மூத்திரப் பரிசோதனை செய்யப் போகிறார்களாம். எங்கள் ஊர்த்தலைவர் சுவிட் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பையன்கள் வெட்கப்பட்டு ஓடி ஒளிவார்கள் என்று யோசித்தவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. ஒலிபெருக்கியில் விடியற்காலையிலேயே முழங்கினார்.

"ஊர்மக்களே! நம்ம சாமிங்க நாலு பேரும் முன்மாதிரியா முதல்ல பரிசோதனை பண்ணிக்குவாங்க! சாமிங்களே கொடுக்கும்போது நம்ம பசங்களுக்கு என்ன வெட்கம்!"

சாமிகளிடம் கேட்டாரா என்றால் கேட்கவில்லை. நல்லவர்களிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். பரிசோதிக்க வந்த பெண் அதிகாரி மேசை போட்டு, குப்பிகளை வரிசையாக வைத்திருந்தாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தோங்மா வரவில்லை, அவள் பதினொரு மணிச் சாப்பாட்டுக்கு மகனுக்குப் பிடித்த மூங்கில் குருத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நாலு சாமிகளும் கழிப்பறைக்குப் போக ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள். சுவிட் அதற்கும் மைக்கில் விளக்கம் சொன்னார், சாமிகள் தண்ணீர்கூட அளவாகத்தான் குடிப்பார்கள் என்று.

அந்தப் பெண் முதல் குப்பியில் மருந்தை ஊற்றினாள். நாவல்பழ நிறம் வந்தது. ஊதா என்றால் உடம்பில் மாத்திரை இருக்கிறது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டாவதும் ஊதா. மூன்றாவது பெரிய சாமியுடையது, அதுவும் ஊதா. நாலாவது மேக். சுவிட்டின் கையில் மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது, அவர் மூச்சு விடுவது ஊர் முழுக்கக் கேட்டது.

எனக்குப் பின்னால் ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அந்தச் சுண்ணாம்பு?"

அந்தச் சுண்ணாம்பும், அந்த மணியும், அந்தப் பெருக்கிய முற்றமும் எல்லோர் கண்முன்னும்தான் இருந்தன.

மாவட்டப் பெரிய துறவி வந்து நாலு பேரின் காவியையும் களைய வைத்தார். அவர்களுக்கு மாற்றுத் துணி கிடையாது. கோயிலுக்கு யாரோ தானமாகக் கொடுத்த மூட்டையிலிருந்து பனியனும் அரைக்கால் சட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய சாமிக்கு பீர் கம்பெனி பனியன்தான் அளவாக இருந்தது. மேக்குக்கு ஒரு கால்பந்துச் சட்டை, முதுகில் ஒன்பது என்று போட்டிருந்தது. மறுவாழ்வு மருத்துவமனைக்கு ஏற்றிப்போக பின்பக்கம் திறந்த வண்டி வாசலில் நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தோங்மா தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. மொட்டைத் தலையும் கால்பந்துச் சட்டையுமாக நிற்கிற மகனைப் பார்த்தாள். குப்பிகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் உடம்புக்குப் புரியவில்லை. இரண்டு வருடப் பழக்கம். அப்படியே முழங்காலிட்டு, தூக்குச்சட்டியைத் தரையில் வைத்து, அந்தச் சட்டை போட்ட பையனைக் கும்பிட்டாள்.

"அம்மா, எந்திரி. கும்பிடாத" என்றான் மேக். பல் நறநறத்தது. "கும்பிடாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் கும்பிட்ட கையைப் பிரிக்காமல் இருந்தாள். போலீஸ்காரர் அவனை ஏறச் சொன்னார். ஏறினான். வண்டி கிளம்பியது. தூக்குச்சட்டி வாசலிலேயே கிடந்தது, நான்தான் எடுத்துவந்தேன்.

மறுநாள் விடிகாலை நாங்கள் பெண்கள் எல்லோரும் வழக்கம்போலச் சுடச்சுட ஒட்டரிசிச் சோற்றைக் கூடையில் வைத்துக்கொண்டு வாசலில் முழங்காலிட்டோம். பாத்திரம் ஏந்தி எந்தச் சாமியும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் செத்தவர்களுக்கு நாங்கள் அனுப்பும் சோறு சாமியின் பாத்திரம் வழியாகத்தான் போகும். கொடுத்துவிட்டு, தண்ணீர் வார்த்து, பேர் சொன்னால் போய்ச் சேரும். என் புருஷன் கம்சிங்குக்கு அவன் செத்த நாளிலிருந்து நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. உயிரோடு இருந்தபோது சோறு தாமதமானால் தட்டைத் தட்டுவான். இப்போது தட்டைத் தட்டிக்கொண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறானோ என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

நேரே தோங்மா வீட்டுக்குப் போனேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். கம்பிக் கதவிலிருந்து மிளகாய்ச் சரத்தை எடுத்திருந்தாள்.

"ரெண்டு வருசமாடி! ரெண்டு வருசமா என் ஆளுக்குன்னு நான் போட்ட சோறு எங்க போச்சு? கவர்ல வச்சுக் குடுத்த காசு எங்க போச்சு? என் புருசன் பட்டினி கெடக்கான், உன் மகன் மாத்திரை முழுங்கியிருக்கான்!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"காசு மாத்திரைக்குத்தான் போயிருக்கும்க்கா. ஆனா சோத்த அவன் திங்கலையே. நாய்க்குத்தான போட்டான்? நாய் தின்னுச்சு. பசிச்ச வாய்க்குத்தான் போயிருக்கு. அண்ணனுக்குப் போய்ச் சேராமலா இருக்கும்?"

அவள் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை, நிஜமாகவே அதைப்பற்றி யோசித்திருக்கிறாள்.

"நான் ஒண்ணு நெனச்சுக்கிட்டே இருக்கேன்க்கா" என்றாள். "வண்டிகிட்ட நின்னான்ல? அப்ப அவன் சாமி இல்ல. துணியத்தான் கழட்டிட்டாங்களே. நான் தொட்டிருக்கலாம். ஒரு நிமிசம் தொட்டிருக்கலாம். கையக் கூப்பிக்கிட்டு உக்காந்துட்டேன் பாரு."

நான் கோபத்தோடு போனவள், படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்காக ஊர் மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேக்குக்கு மாத்திரை வாங்கக் காசு கொடுத்தது யார் என்று யோசித்தால் நாங்கள்தான், கும்பிட்டு வேறு கொடுத்தோம். அந்த யோசனை கசந்ததால் எல்லாப் பழியும் தோங்மா தலையில் விழுந்தது. கோயிலைக் கெடுத்தவனின் தாய். சந்தையில் அவள் காய்களை யாரும் வாங்கவில்லை. நடவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. பெரிய சாமிக்குத்தான் அவனுக்கும் முன்பே மாத்திரைப் பழக்கம் இருந்தது என்று பிறகு தெரியவந்தது, அதுவும் அவளுக்கு உதவவில்லை. கோயிலுக்கு ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதான சாமியைக் கடன் வாங்கி வந்தார்கள். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், மத்தியானத்தில் குறட்டை விடுகிறார். முற்றத்தில் இலை குவிந்து கிடக்கிறது. "நம்ம சாமி என்னமா தூங்குறாரு!" என்று இப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மழைக்காலம் முடிந்து மேக் வருகிறான் என்று தகவல் வந்தது. எங்கள் பக்கம் ஒருவன் பெரிய நோயிலிருந்தோ சிறையிலிருந்தோ தூர தேசத்திலிருந்தோ திரும்பினால், வழியில் சிதறிப்போன அவன் உயிரைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவோம். ஊரே வந்து ஆளுக்கொரு நூல் கட்டும். தோங்மா வீடு வீடாகப் போய் அழைத்தாள். வாழையிலையில் கூம்பு செய்து பூ செருகினாள், முட்டை அவித்தாள், கோழி அடித்தாள், நூலைத் துண்டு துண்டாக நறுக்கி இலைக் கூம்பில் தொங்கவிட்டாள். ஊருக்கே போதும் அவ்வளவு நூல்.

வந்தது நானும் ப்ராசித்தும்தான். ப்ராசித்தும் நூல் கட்ட வரவில்லை. கம்பிக் கதவை அறுத்து எடுக்கத் தோங்மா சொல்லியிருந்தாள், அதற்காகக் கட்டர் இயந்திரத்தோடு வந்திருந்தான். உயிரைக் கூப்பிடும் பாட்டுத் தெரிந்த பெரியவர் தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சுவிட் சொல்லிக்கூட அனுப்பவில்லை.

சாயங்கால வெயில் இருக்கும்போதே மேக் வந்துவிட்டான். தலையில் முடி முளைத்திருந்தது, கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. அதே கால்பந்துச் சட்டை. விரித்த பாய்களையும் தொங்கிய நூல்களையும் பார்த்தான். யாரும் இல்லாததையும் பார்த்தான். தோங்மா எழுந்து இரண்டு அடி வைத்தாள். அவன் அவளைத் தாண்டி உள்ளறையைப் பார்த்தான். ப்ராசித் இயந்திரத்தைக் கம்பியில் வைக்கப் போன நேரம்.

"அத எடுக்காதண்ணே" என்றான் மேக்.

"அம்மாதான்டா எடுக்கச் சொல்லுச்சு. நீ வர்ற நாளு, கூண்டு எதுக்குன்னு."

"வேணாம்ணே." அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "அங்க நல்லாத்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனா அங்க ஆறு இல்ல. இங்க இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்கி இங்க வர்றதுக்குள்ளயே ரெண்டு பேரு எங்க போறன்னு கேட்டானுங்க."

மாத்திரை விற்கிற அந்த இரண்டு பேர் யாராக இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"அம்மா, நீ உள்ள போய்ப் பூட்டிக்க" என்றான். "இன்னிக்கு மட்டும் இல்ல, எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும். சாவிய என்கிட்ட தராத. நான் அழுது கேட்டாலும் தொறக்காத."

"நூல் கட்டணும்டா" என்றாள் தோங்மா. அவளுக்கு அது ஒன்றுதான் சொல்ல வந்தது. "இத்தன நாளு கழிச்சு வந்திருக்க. நூல் கட்டணும்."

"உள்ள இருந்து கட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் வழி தெரியவில்லை. மகன் வந்தால் இந்தக் கதவே இருக்கக் கூடாது என்று நாலு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவனே அவளை உள்ளே போகச் சொல்கிறான், அவளுக்காகத்தான் சொல்கிறான். அரிவாளோடு துரத்தியவன் இதைச் சொல்ல எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். தோங்மா இலைக் கூம்பிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு உள்ளே போனாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. மேக் கம்பிக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடது கையை நீட்டினான்.

"பாட்டு யாருக்கா சொல்றது?" என்றாள் தோங்மா உள்ளேயிருந்து. "உயிரக் கூப்பிடாம கட்டக் கூடாது."

எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. ப்ராசித் அவசரமாக இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். சரி என்று, நான் வயலில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"வாடா, வந்துரு. ரயோங்ல நின்னுட்டியா, அங்கேர்ந்து வந்துரு. ஆத்தங்கரைல நிக்கிறியா, வந்துரு. கோயில் முத்தத்துல பெருக்கிக்கிட்டிருக்கியா, வெளக்குமாத்தப் போட்டுட்டு வந்துரு. போதும் பெருக்கினது. அம்மா சோறு வச்சிருக்கா. ஆறிப்போகுது, வந்துரு."

தோங்மா இரண்டு கம்பிகளுக்கு நடுவே கைகளை நீட்டி, மகனின் மணிக்கட்டில் நூலைச் சுற்றினாள். கம்பி இடித்ததால் முடிச்சு விழ நேரம் ஆயிற்று. விழுந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நூலுக்கு மேல் தன் விரல்களைப் பூட்டு மாதிரி வைத்துக்கொண்டாள். மேக் நெற்றியைக் கம்பியில் சாய்த்து அழுதான். ப்ராசித்தும் ஒரு நூலை எடுத்துவந்து, மறு மணிக்கட்டில் கோணல்மாணலாகக் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். நானும் கட்டினேன்.

பிறகு கோழிக்குழம்பையும் சோற்றுக் கூடையையும் கொண்டுவந்து மேக்கின் முன்னால் வைத்தேன். வாசலில் ஒரு நாய் நின்றது, கோயிலில் கொழுத்துப் பிறகு இளைத்துப்போன நாய். ஒரு உருண்டை சோற்றை உருட்டி, "கம்சிங்குக்கு" என்று சொல்லி அதற்குப் போட்டேன். தின்றது.

"கைய விடுடி, அவன் சாப்பிடட்டும்" என்றேன் தோங்மாவிடம்.

"சாப்பிடட்டுமே" என்றாள், பிடியைத் தளர்த்தாமல். "இன்னொரு கை இருக்குல்ல?"